அம்மன் முன்னால் ஒரு படப்பிடிப்பு

பிரேமினிக்குக் கல்யாணமே ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து யாரைக் கேட்டாலும் வேறு கதைதான் சொல்வார்கள். நான் அவளுடைய பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறையில் குடியிருப்பவள். லயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் யார் அழுதாலும் எனக்கு இந்தப் பக்கம் சோறு இறங்காது.

அவளுடைய அம்மா நாகலெட்சுமி புருஷனை இழந்தவள், கொழுந்தெடுத்து மகளை வளர்த்தவள். பிரேமினி பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா மலையில் சறுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டாள். படிப்பை விட்டுவிட்டு மகள் கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போனாள். அங்கே முதலாளியின் தம்பி கையைப் பிடித்து இழுத்தான் என்று அழுதுகொண்டு திரும்பி வந்து, அம்மாவின் கூடையைத் தான் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் ஒட்டவில்லை. தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டும் மதுரன்தான் அவளை மறுபடியும் சிரிக்க வைத்தான். அவனும் எங்கள் தோட்டத்துப் பையன்தான், கீழ்க்கணக்குப் பிரிவு. இரண்டு வீட்டிலும் பேசி, தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து டிவி நாடகக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வேணி என்ற தோட்டத்துப் பெண் படும் பாடுதான் நாடகம். குடிகார மாமன், கொழும்பில் வீட்டு வேலை, சூடு வைக்கும் எஜமானி, தப்பி ஓடி வந்தால் ஊரார் பேச்சு என்று வாரத்துக்கு ஒரு இடி அவள் தலையில் விழும். வேணியாக நடிக்க வந்த கொழும்புப் பெண் காலில் அட்டை கடித்ததும் அலறிக்கொண்டு அன்றைக்கே வேனில் ஏறிப் போய்விட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பிரேமினி கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். "தங்கச்சி, நீங்க நடிப்பீங்களா?" என்று கேட்டார். நடித்தாள். அழச் சொன்ன இடத்தில் உடனே அழுதாள். அவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

கதையில் வேணிக்கு ஒரு வாத்தியாரோடு கல்யாணம். டைரக்டருக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டுமாம். எங்கள் மாரியம்மன் கோவிலையே கேட்டார், பூசாரி கந்தப்பனையே நிற்கவும் சொன்னார். கெமராவைக் கண்டதும் கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா வாயசைத்தால் போதும் என்றார்கள். மனிதர் ஒரு மந்திரம் விடாமல் சொன்னார். தாலி கொண்டுவர மறந்துவிட்டோம் என்றதும், அம்மன் காலடியில் கிடந்த மஞ்சள் கயிற்றையே எடுத்துக் கொடுத்தார். நாங்கள் பெட்டியிலிருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போய் அரிசி போட்டோம், குலவை விட்டோம், அவர்கள் போட்ட சாப்பாட்டை வயிறு முட்டத் தின்றோம். மதுரனின் அம்மாவும் என் பக்கத்தில் நின்றுதான் அரிசி போட்டாள். எல்லாம் முடிந்து, வாத்தியாராக வந்து தாலி கட்டிய நடிகன் கொழும்புக்குப் போனான். பிரேமினி கயிற்றைக் கழற்றிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுத்தாள்.

அடுத்து வேணியின் புருஷன் மண்சரிவில் சாக வேண்டும். பொட்டழித்து வளையல் உடைக்கும் காட்சிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மதுரனின் அம்மா லயத்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பூவும் பொட்டுமா என் வீட்டுக்கு வரவேண்டிய புள்ள. வெளையாட்டுக்குக்கூட அத செய்யக்கூடாது, சொல்லிட்டேன்."

பிரேமினி டைரக்டருக்குப் போன் எடுத்து முடியாது என்றாள். அவர்களுக்கு என்ன? மண்சரிவில் வேணியின் முகம் சிதைந்து, ஆபரேஷனில் புது முகம் வந்துவிட்டதாகக் கதையை மாற்றி வேறொருத்தியைப் போட்டுக்கொண்டார்கள். பிரேமினிக்கு வருத்தம்தான். ஆனாலும் மதுரனுக்காக விட்டுக்கொடுத்தாள்.

தை நெருங்கியது. பிரேமினி வீட்டாரோடு நானும் கோவிலில் நாள் கேட்கப் போனபோது கந்தப்பன் கையைப் பிசைந்தார்.

"இதே சன்னதியில, இதே கழுத்துக்கு ஒரு தாலி எடுத்துக் குடுத்துட்டேனே. ரெண்டாவது எப்படிங்க குடுப்பேன்? ஆத்தா என்னைய சும்மா விடுவாளா?"

"அது நாடகம் பூசாரி!" என்று கத்தினேன்.

"நான் சொன்ன மந்திரம் நாடகமில்லையேம்மா" என்றார். அவருக்கு உண்மையிலேயே பயம். அந்தப் பயத்தைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே மதுரனின் ஆட்டோ ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்து அவனுக்குக் கை முறிந்தது. மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் சரியாத ஆட்டோ எது? ஆனால் இது ஆத்தாவின் கோபம்தான் என்று சொல்ல அவன் அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கோவிலே வேண்டாம், அட்டனில் பதிவு பண்ணிக்கொள்ளலாம் என்று பிரேமினி கெஞ்சினாள். அம்மா சம்மதிக்கட்டும் என்றான் மதுரன்.

தோட்டத் தலைவர் செல்லசாமி ஆட்களைக் கூட்டினார். கட்டின தாலியை முறைப்படி இறக்கிவிட்டால் குற்றம் தீரும் என்று முடிவு செய்தார்கள். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது அது எப்படி என்று யாரோ கேட்டார்.

"நாடகத்துல செத்துட்டான்ல?" என்றார் தலைவர்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பிரேமினி மதுரனைப் பார்த்தாள். அவன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் வந்தான்.

"ஒரு நாள்தானே பிரேமி. இதோட முடிஞ்சிரும். பிறகு நம்ம கல்யாணம்."

அதை நம்பித்தான் அவள் சரி என்றாள்.

ஆற்றோரத்துக்குக் கூட்டிப் போனார்கள். கயிற்றைத் திரும்பவும் கழுத்தில் போட்டு, பொட்டை அழித்து, வளையல்களைக் கல்லில் தட்டி உடைத்தார்கள். அவை மதுரன் வாங்கிக் கொடுத்த வளையல்கள். பிறகு கயிற்றை அறுத்துப் பால் கிண்ணத்தில் போட்டு, வெள்ளைச் சேலையைத் தலையில் மூடினார்கள். டிவிக்காரர்கள் கேட்டதும் இதைத்தான். அங்கே செய்திருந்தால் சாயங்காலம் பொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள்.

மதுரனின் அம்மா தூரத்தில் நின்று கடைசிவரை பார்த்தாள். நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு. தேதி எப்ப வச்சுக்குவோம்?"

"என்னக்கா பேசுறீங்க? என் கண்ணால பார்த்தேன். தாலி அறுத்த புள்ளைய என் ஒத்த மகனுக்கு எப்படிக் கட்டி வைப்பேன்?"

மதுரன் அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றான். பேசினானோ இல்லையோ, பிறகு அவன் போன் வேலை செய்யவில்லை. பிரேமினி மலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். வைகாசியில் அவனுக்கு உடப்புசல்லாவைப் பெண்ணோடு கல்யாணம். எங்கள் கோவிலில்தான். கந்தப்பன் மறுப்புச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் லயத்தைக் கடந்துதான் கோவிலுக்குப் போக வேண்டும். மேளச் சத்தம் கேட்ட நேரத்தில் பிரேமினி வாளியோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். நாகலெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உள்ள வந்துரு புள்ள. மாப்பிள்ள வர்ற நேரம், எதிர்ல நிக்காத."

பிரேமினி வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரும்மா செத்தது?"

"யாரும் சாகல. வா உள்ள" என்று நாகலெட்சுமி மகளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். மேளம் எங்கள் லயத்தைக் கடந்து போகும்வரை தாயும் மகளும் வெளியே வரவில்லை.