அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதில் பெரும்பகுதி துப்பாக்கி சுடும் மைதானத்தில் கழிந்தது. நாள் முழுக்க ஈயத்தூசிதான் மூச்சில் போகும். ஓய்வுபெற்று வந்து, திருவையாறு பக்கம் மூன்று மா நிலத்தில் நெல் போட ஆரம்பித்த பிறகு கை நடுங்கத் தொடங்கியது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் முன்னாள் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்து, பணியில் என்னென்ன நஞ்சு உடம்பில் ஏறியது என்று பார்க்கிறார்களாம். போனேன். நடுக்கம் ராணுவ வேலையால் வந்தது என்று ஒரு காகிதம் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தில் ஒரு கேள்வி: வயலில் பூச்சிமருந்து அடிப்பீர்களா? முந்தின வாரம்தான் குறுவைக்கு அடித்திருந்தேன். ஆனால் ஆமாம் என்றால் பழியை வயல் மேல் போட்டு என்னைக் கைகழுவிவிடுவார்கள். ‘இல்லை’ என்று எழுதினேன்.

கூட வந்திருந்த என் மனைவியிடமும் டாக்டரம்மா ரத்தம் கேட்டார்.

“அவ எதுக்குங்க? துப்பாக்கியத் தொட்டதுகூட இல்ல.”

“அதனாலதாங்க கேக்குறேன். ஒரே வீடு, ஒரே தண்ணி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் வேலையில ஏறினது எதுன்னு தெரியும்.”

இதிலும் ஏதோ சூழ்ச்சி என்றே எனக்குப் பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, “மருந்தைப் பத்திக் கேட்டா வாயத் திறக்காத” என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினாள்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். என் ரத்தத்தில் ஈயம் இருந்தது. நான் சொன்னேன் இல்லையா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா என் தாளை ஓரமாக வைத்துவிட்டு அவளுடையதை எடுத்தார்.

“பூச்சிமருந்து உடம்புல சேந்தா ரத்தத்துல ஒரு என்சைம் குறையும். சாருக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. தலைசுத்தல் இருக்கா? மருந்தை எங்க தொடுறீங்க?”

தலைசுற்றல் இருந்தது. வெயிலால் வருகிறது என்று அவள் வாயை அடைத்தவன் நான்தான். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நான் அடிப்பேன். வரப்பில் உட்கார்ந்து, வாளியில் வெறுங்கையால் மருந்து கலக்கித் தருவது அவள். மைதானத்தில் கையுறை தரவில்லை என்று இன்றைக்கும் அதிகாரிகளைத் திட்டுகிறேன். அவளுக்கு ஒரு ஜோடி வாங்கித் தர எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“சொல்லட்டுமாங்க?” என்றாள்.