சித்தப்பா கொடுத்த ரத்தம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சித்தப்பா தன் உடம்பிலிருந்து ரத்தம் கொடுத்து என் அம்மாவைப் பிழைக்கவைத்தார் என்று எங்கள் ஊரான குன்னத்தைச் சுற்றி நாலைந்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு இது புதிய பேச்சாக இருந்தது. ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் உடம்பில் ஏற்றலாம் என்பதே எங்கள் பக்கம் யாருக்கும் அதுவரை தெரியாது.

தம்பி பிறந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் திருச்சிக்குக் கூட்டிப்போனார்கள். கூடப் போனவர்கள் அப்பா, சித்தப்பா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவின் மனைவியான என் சின்னம்மா. என்னைப் பெரியப்பா பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். வண்டி புறப்படும்போது யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போனார்களா, சொன்னது எனக்கு மறந்துவிட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வெங்காயம் பிடுங்கும் சமயம் அது. விடிந்ததும் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தெருக்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து அம்மாவைப் பற்றிச் சொல்வார்கள் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். பிறகு, யாரும் வராமல் இருந்தாலே நல்லது என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஒன்பதாம் நாள் சித்தப்பாவும் சின்னம்மாவும் மட்டும் திரும்பி வந்தார்கள். அம்மாவுக்கு ஆபத்து நீங்கிவிட்டது, இன்னும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும், தம்பியும் அம்மாவிடம்தான் இருக்கிறான், அப்பா கூட இருக்கிறார் என்றார்கள். சித்தப்பாவின் வலது கையில் முழங்கை மடிப்பில் ஒரு துணி சுற்றியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீடு சித்தப்பாவைச் சுற்றி நடந்தது. கூடத்தில் கட்டில் போட்டார்கள். காலையில் பால், மத்தியானம் முட்டைப் பொரியல், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டு ஈரல். ஊரார் வந்து எட்டி நின்று பார்த்தார்கள்.

"ஒடம்புல பாதிய உறிஞ்சிட்டாங்களாமே?"

"முழுசும் கேட்டுருப்பாங்க. இவரு கருமி, பாதிதான் குடுத்துருப்பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பா சிரிக்கமாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாவம், பலவீனம் என்று எண்ணிக்கொள்வேன். சின்னம்மா மறுநாளே வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் சித்தப்பா அயர்ந்து தூங்கும்போது கைத்துணி நழுவிக் கிடந்தது. ஆசையோடு குனிந்து பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கொசுக்கடி கூட இல்லை. அதே வாரத்தில் சின்னம்மா கிணற்றடியில் குளிக்கும்போது அவளுடைய இடது முழங்கை மடிப்பைப் பார்த்தேன். நாவல்பழத்தைத் தேய்த்ததுபோல் கன்றியிருந்தது.

"உனக்கும் ஊசி போட்டாங்களா சின்னம்மா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாருகிட்டயும் சொல்லிடாத. உங்கம்மாவுக்கு நான்தான் கொஞ்சம் குடுத்தேன்."

"சித்தப்பா?"

"அவருக்குப் போன மாசந்தானே குளிர்காய்ச்சல் வந்துச்சு. அந்த ரத்தத்தை ஏத்துனா உங்கம்மாவுக்கும் காய்ச்சல் வந்துருமாம். டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க. உங்கப்பாவோடது சேரல."

"அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன் மவனாச்சே?"

"சொந்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம்டி. வெள்ளை ஓட்டுல உங்கம்மாவோடதயும் ஒரு சொட்டு விட்டுக் கலந்து பாத்தாங்க. அப்பாவோடது திரிதிரியாப் போச்சு. என்னோடது சேந்துடுச்சு. கண் இமையத் தூக்கிப் பாத்தாங்க, எடை பாத்தாங்க, போதும்னாங்க."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்சாப்லதான். ஒண்ணரை டம்ளரு இருக்கும். கொஞ்ச நாள்ல தானா ஊறிடுமாம்."

இந்த இடத்தில் இன்றைய என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் என் மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டது. அவளோடு வந்த ஆண்கள், காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். நான் படுத்தபடியே கையைத் தூக்கினேன். டாக்டரம்மா சிரித்தார். "பெத்த ஒடம்பு, பால் குடுக்கறவ. நீ இப்போ குடுக்கக் கூடாது. குழந்தை பால் மறக்கட்டும், ஒடம்பு தேறட்டும், அப்போ வா" என்றார். பால் மறந்ததும் போவதாக இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகவேண்டுமா, போய்விட்டு வந்து சொல்லவேண்டுமா என்று தினமும் யோசிக்கிறேன்.

அன்று நான் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. எனக்கு நியாயம் ஒன்றே தெரிந்தது. கொடுத்தவள் காட்டில் வெயிலில் நிற்கிறாள், கொடுக்காதவர் கட்டிலில் படுத்துச் சாப்பிடுகிறார். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"பெரியம்மா, முட்டையச் சின்னம்மாவுக்குத்தான் வைக்கணும். ரத்தம் குடுத்தது சின்னம்மாதான்."

பெரியம்மா முதலில் சிரித்தாள். "அவளா? அவ ஊசியப் பாத்தா ஊரத் தாண்டி ஓடுவாளே!"

நான் எழுந்துபோய்ச் சின்னம்மாவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினேன்.

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி நாலு வருஷமா வயித்துல ஒண்ணும் தங்கல. இருந்த ரத்தத்தையும் வடிச்சுக் குடுத்துட்டு வந்துருக்கா. இனிமே எங்கேருந்து தங்கும்?"

"அண்ணி, அப்படியெல்லாம் இல்லைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க" என்றார் சித்தப்பா.

"இந்த வூட்டுக்குப் புள்ள பெத்துத் தரப்போறது டாக்டரம்மாவா?"

"குடுக்கலேன்னா அக்கா செத்துப்போயிருப்பாங்க" என்றாள் சின்னம்மா. அது ஒன்றுதான் சொன்னாள். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

பெரியம்மா கெட்டவள் இல்லை. அம்மா இல்லாத அத்தனை நாளும் என் தலைக்கு எண்ணெய் வைத்தவள் அவள்தான். அவள் நம்பியதைச் சொன்னாள். அந்தப் பேச்சு வரும் என்று தெரிந்துதான் சித்தப்பா திருச்சியிலேயே தன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களின் கேலியைக் கேட்டுக்கொண்டு, இறங்காத முட்டையை விழுங்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். நான் அவரைத் திருடர் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்துச் சின்னம்மாவை அரும்பாவூருக்கு, அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். "போயி நல்லா சாப்புட்டு ஒடம்பத் தேத்திக்கட்டும்" என்று பெரியம்மா தெருவில் கேட்டவர்களிடம் சொன்னாள். என்னால்தான் சின்னம்மாவுக்கு இந்த உபசாரம் கிடைத்தது என்று எனக்குப் பெருமை. வண்டியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. அந்த வாரம், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகப் பெரியப்பாவிடம் யாரோ வந்து சொன்னார்கள். சித்தப்பா கட்டிலைத் தூக்கிச் சாத்திவிட்டு அன்று முழுக்கக் காட்டிலேயே இருந்தார். எந்தப் பெண், யாருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை.

அம்மா வந்ததும் முதலில் சின்னம்மாவைத்தான் தேடினாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். "நான்தாம்மா சொன்னேன்" என்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு வண்டி கட்டச் சொன்னாள். பெரியம்மா வாசலில் நின்று, பச்சை உடம்போடு போகாதே என்றாள். "எந்த ஒடம்பு அக்கா? அவ ரத்தம் ஓடுற ஒடம்பா?" என்று கேட்டுவிட்டு அம்மா ஏறி உட்கார்ந்தாள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

மறுநாள் அதே வண்டியில் சின்னம்மா எங்களோடு திரும்பினாள். சித்தப்பாவுக்குப் பெரம்பலூர்ப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. பிறகு அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, நாங்கள் அரும்பாவூரில் போய் இறங்கிய நேரம்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா கைகொடுக்க வந்தபோது அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கி, தெருவிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நடந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த நிலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்த சின்னம்மா, கதவைத் திறந்துகொண்டு வந்து அங்கேயே நின்றுவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மா எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். நோயாளி ஒருத்தி நடந்து வருகிறாள், ஓடி வந்து கையைப் பிடிக்காமல் இப்படியா மரம்போல நிற்பாள் என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.