நான் நிறுத்திய தொழுகை

மாலை ஐந்தே கால். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் திருச்சியிலுள்ள அரசுப் பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பவில்லை.

காரணம் நான்தான். ரமலான் நோன்பிருந்த அவளுடைய தோழி ரஹீமா மதியம் காலி வகுப்பறையில் தொழுவதைத் தலைமையாசிரியரிடம் புகார் செய்து நிறுத்தினேன். அதே பள்ளிக்குச் சரஸ்வதி பூஜைச் சுண்டல் கொடுத்தனுப்பியவள் நான். மூன்று நாளாக ரஹீமா பள்ளிக்கு வரவில்லை. மகள் என்னோடு பேசவில்லை.

பஸ் நிறுத்தம், படித்துறை எங்கும் தேடினேன். காவிரியைப் பார்க்காமல் படிகளை மட்டும் பார்த்தேன்.

ஏழரைக்கு வாசலில் ஆட்டோ நின்றது. தென்னூரிலிருந்து ரஹீமாவின் அம்மா என் மகளை அழைத்து வந்திருந்தார்.

"திட்டாதீங்கக்கா. பொண்ணு ரஹீமாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்துச்சு. நோன்பு திறக்குற வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கல, கஞ்சி குடுத்துக் கூட்டிட்டு வரேன். நாளைக்கு ரஹீமாவ ஸ்கூலுக்கு அனுப்புறேன். அங்க தொழமாட்டா, பயப்படாதீங்க."