கானா தேக்கு

மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்ததும், வாசக்காலுக்கு பர்மா தேக்கைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று என் கணவரின் அண்ணன் சொல்லிவிட்டார். கட்டுவது நான். கணவர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. தரமணி ஆபீஸ் பஸ்ஸில் இடிபட்டுச் சம்பாதிப்பதும் நான்தான். ஆனாலும் வாசக்கால் என்று வந்துவிட்டால் குடும்பத்து மூத்த ஆணுக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிடுகிறது.

ஈக்காட்டுத்தாங்கல் மரக்கடைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் நாங்கள் கட்டில் வாங்கிய கடை. அப்போதும் போர்டில் ‘பர்மா தேக்கு’ என்றிருந்தது, இப்போதும் இருக்கிறது. உள்ளே கிடக்கும் மரம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. என் தம்பி அலமாரி செய்தபோது நைஜீரியா என்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஈக்வடார். இப்போது கடை முழுக்க கானா. ஆப்பிரிக்காவிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்குகிறதாம்.

“பர்மா இல்லையாண்ணா?”

“கேக்கற எல்லாருக்கும் குடுக்க எங்க கீதுக்கா? தேக்குன்னாலே பர்மான்னு சொல்லிப் பழகிட்டாங்கோ. நாங்களும் போர்டை மாத்தல” என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஒரு துண்டைத் தடவிப் பார்த்தேன். கணு இல்லாமல் ரேகை நேராக ஓடியது. எனக்குப் பிடித்துவிட்டது. அங்கிருந்தே மாமாவுக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, போன் போட்டேன்.

“கானாவா?” என்றார். “சாவு வூட்டுல பாடுவானுங்களே, அதுவா? இன்னாம்மா நீ, வாசக்காலுக்கு வெக்கற மரத்துக்கு இந்தப் பேரா?”

“அது பாட்டு மாமா. இது நாடு.”

“இன்னாவா இருந்தா இன்னா. ஏற்கெனவே ஒரு சாவு பாத்த வூடு. எங்கியோ கெடந்து வந்த மரம் இங்க நிக்காது.”

“பர்மா மட்டும் மந்தைவெளியிலயா கீது?”

போனை வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கிருந்தோ வந்தது நிற்காது என்று அவர் சொன்னது மரத்தை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். திருவொற்றியூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள் நான். தன் தம்பி போன பிறகு நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கானா மரத்தையே அறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வாசக்கால் வைக்கும் நாளில் அவர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆசாரி சட்டத்தை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, “சுமங்கலிங்க வந்து மஞ்சள் குங்குமம் வெய்யுங்கம்மா” என்றார். மாமாவின் மனைவி தட்டோடு போனாள். நானும் கூடவே போனேன்.

“நீ கொஞ்சம் உள்ள நில்லும்மா” என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

நான் சுற்றிப் பார்த்தேன். சுவர் இல்லை, கூரை இல்லை. முட்டியளவு அஸ்திவாரமும், அதன் மேல் தனியாக நிற்கும் இந்த வாசக்காலும்தான். அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரர் பைக் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“உள்ள எங்க மாமா கீது? வாசலே இப்பத்தானே வெக்கறோம்.”

ஆசாரி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். மாமாவின் மனைவி தன் கணவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தட்டை என் பக்கம் நீட்டினாள். மஞ்சளைக் குழைத்து அந்த ஆப்பிரிக்க மரத்தில் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பூசினேன்.

“அந்தப் பேரு கொண்ட மரத்துல...” என்று ஆரம்பித்தார் மாமா.

“பாடுனா பாடிட்டுப் போவுது மாமா. தெனம் இது வழியாப் போய் வரப்போறது நானு.”

குங்குமத்தையும் நானே வைத்தேன்.