குழாயடிக்குப் போன குறுக்குப் பாதை

மருமகள் மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் வாடை வந்தாலே எனக்கு இன்றும் கோபம் பொங்கும். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு வரிசைக்கும் பொதுக் குழாய்க்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து நடந்தே புல்லில் குறுக்குப் பாதை விழுந்திருந்தது. போர்க்காலத்தில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அந்தத் திடலைக் கொத்தி, கிழங்கு நட்டு, வேலி போட்டான். அப்புறம் மூலையில் நின்ற காவல்காரனைத் தாண்டிச் சுற்றித்தான் வர வேண்டும். குனிந்து வணங்காவிட்டால் அறை விழும். குனியும்போதெல்லாம் அம்மாவின் இடுப்புக் குடத்தில் பாதித் தண்ணீர் கொட்டிப்போகும்.

ஜப்பான்காரன் தோற்று, காவலும் போன மறுநாள், அதே மூலையில் அம்மா பழக்கத்தில் குனிந்துவிட்டாள். பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "யாருக்கு அக்கா கும்பிடு? காக்காவுக்கா?"

"ஆளில்லாத இடத்துக்கும் குனிய வச்சிட்டானுங்களே, பாவிப்பயலுங்க!"

அம்மா குடத்தை இறக்கிவைத்து, சேலையை இழுத்துச் செருகி, வேலிக் கம்பத்தைப் பிடுங்கினாள். நான் அடுத்த கம்பத்தைப் பிடித்தேன்.