முட்டை ஆறுமுன்

போன சனிக்கிழமை முற்பகல், என் மனைவி பத்மா கையில் முள்ளுக்கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

வீட்டில் இல்லை. தெற்கு லண்டன் கோலியர்ஸ் வுட்டில், எங்கள் தெருமுனைக் கஃபேயில். மேசைகள் ஆறு. ஜன்னலோரத்து மேசை எங்களுடையது... அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லைதான். ஆனாலும் வேறு யாராவது அதில் இருந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

முற்பகலில் கடையில் போய்ச் சாப்பிடும் இந்த 'பிரஞ்ச்' பழக்கம் வாசகர்களான உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை. இந்த வயதில் ஏன் ஐயா இந்த வெள்ளைக்கார ஆட்டம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கணக்குச் சொல்கிறேன். வாரத்துக்கு இருபத்தொரு வேளை. அதில் பத்தொன்பது பத்மாவின் கையால். மிஞ்சிய இரண்டையும் சேர்த்து ஒரே தட்டில் வைத்துத் தருகிறவள் கஃபேக்காரி எலிஃப். நீங்கள் சமைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். சமைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தே பத்மா இன்னும் களைத்துப்போனாள்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

பத்மாவின் தட்டு அப்போதுதான் வந்திருந்தது. பொரித்த முட்டை இரண்டு, காளான் ஐந்து, தக்காளி, டோஸ்ட். ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது.

"பிள்ளை, வாசலில நிக்கிறம். மணி அடிச்சால் ஒருத்தரும் திறக்கேல்லை. எங்கை போட்டியள்?"

பத்மாவின் அண்ணன். அவளுக்கு இருக்கும் ஒரே அண்ணன். மனைவியோடு வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து வந்திருக்கிறார். டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் எடுப்பார். தலைமயிர் வெட்டவும் எடுப்பார். தங்கச்சி வீட்டுக்கு வர மட்டும் ஒரு மெசேஜ்கூட அனுப்பமாட்டார். சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவது எங்கள் ஆட்களுக்கு என்னவோ மரியாதைக் குறைவு! வந்தால் சோறு. குறைந்தது மூன்று கறி. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பத்மா குசினிக்குள்.

போனைத் துண்டிக்காமல் மேசையில் கவிழ்த்துவிட்டு அவள் எழுந்தது அதற்காகத்தான்.

"இஞ்சாருங்கோ, எலிஃபிட்டை ஒரு பெட்டி கேளுங்கோ. இதை வீட்டை கொண்டுபோவம்."

"இரும்."

"குளிருக்குள்ள நிக்கினம்."

"காரில ஹீட்டர் இருக்கு. நீர் இரும். சாப்பிடும்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் எட்மண்டனில இருக்கு. முட்டை இஞ்சை ஆறுது."

நானே பேசுகிறேன் என்று போனை எடுக்கப் போனேன். அவள் தரவில்லை. முட்டையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

 "என்ன... சாப்பிடுறியோ?" என்றார். "என்ன, விழுந்துபோனியோ?" என்று கேட்கிற அதே குரல்.

"ஓம். தெருமுனையில ஒரு கஃபே இருக்கு. நீங்களும் மச்சாளும் வாங்கோ."

போன் கட்டாகிவிட்டது.

"கோவிச்சுக்கொண்டு திரும்பிப் போட்டாரெண்டால்?" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் தைரியம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் செத்தவீட்டுக்குக்கூட வராமல் இருந்திருக்கிறார்கள். காளான்களை எண்ணினேன். ஐந்துதான். அவள் ஒன்றையும் தொடவில்லை.

"முதல் சாப்பிடும்" என்றேன். "கோபத்தைப் பிறகு பாப்பம்."

அவள் முட்டையை வெட்டினாள். மஞ்சள் கரு வழிந்தது. அப்போது கதவு திறந்தது.

அண்ணை வந்து நின்றார். பின்னால் மச்சாள்.

"மச்சான், இது உம்மட வேலைதானே?" என்றார் என்னிடம்.

"ஓம்" என்றேன்.

"இல்லை அண்ணை, என்ரை வேலை" என்றாள் பத்மா, வாய்க்குள் டோஸ்ட்டோடு. "இருங்கோ."

இருந்தார். மெனுவை முன்னும் பின்னும் திருப்பினார். சோற்றைத் தேடினார் என்று நினைக்கிறேன். கடைசியில் எலிஃபிடம் ஏதோ கொண்டுவரச் சொன்னார். அது வர நேரமெடுத்தது. பசியோடு இருந்த அண்ணையின் எதிரில் தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பரிமாறவில்லை. எழும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று யாரையும் கேட்கவில்லை.

மச்சாள்தான் வாயைத் திறந்தா. "பத்மா, நீ சாப்பிடுறதை நான் இண்டைக்குத்தானே பாக்கிறன்!"

வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணும்போது, சமைத்தவளை யாராவது எண்ணுகிறோமா? எல்லாவற்றையும் எண்ணுகிற நானே எண்ணியதில்லை.

அண்ணைக்குச் சாப்பாடு வந்தது. சாப்பிட்டார். "வீட்டை போய்க் கொஞ்சம் சோறு போடுவியோ பிள்ளை?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"இண்டைக்கு இல்லை அண்ணை."

அவர் பத்மாவை நிமிர்ந்து பார்த்தார். தன் தட்டில் இருந்த தக்காளியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். கோபம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அல்லது அவருக்குத் தக்காளி பிடிக்காது. எதுவானாலும் சரி, அவள் முகம் தெளிந்தது.

வெளியே வரும்போது மச்சாள் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டா: "எட்மண்டனிலயும் இப்பிடிக் கடையள் இருக்குமோ?"

ஆகவே, சனிக்கிழமைகளில் எட்மண்டனுக்குச் சொல்லாமல் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை... சாப்பிட்டுவிட்டுப் போங்கள்!