கடைசி வகுப்புக்கு முன் கிளம்பும் பஸ்

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு எழுத்தும் பேச்சும் சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடம் பேசுகிறோம், அவருக்கு என்ன கவலை, நாம் கேட்பது அவரால் ஆகக்கூடியதா என்று யோசித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பது முதல் பாடம். அன்றாடம் கடைசி வகுப்பு என்னுடையது.

மன்னவனூரிலிருந்து வந்த ஒரு மாணவி பாதி வகுப்பிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஊருக்குப் போகும் மாலை பஸ்ஸை அரைமணி நேரம் சீக்கிரமாக்கியிருந்தார்கள். அதை விட்டால் வேறு வண்டி இல்லை. விடுதியில் சேர வீட்டில் வசதியும் இல்லை. அவளுடைய வருகைப்பதிவு குறைந்துகொண்டே வந்தது.

ஒருவரை இணங்கவைக்கும் பேச்சு ஒன்றைத் தயாரிக்கச் சொன்னேன். மற்றவர்கள் பிளாஸ்டிக் ஒழிப்பு, மரம் வளர்ப்பு என்று போனைப் பார்த்து எழுதிவந்தார்கள். அவள் மட்டும், "நான் நெசமாவே பஸ் ஆபீசுல போய்ப் பேசப்போறேன் மிஸ்" என்றாள்.

முதலில் எழுதியதில் கோபம்தான் இருந்தது. அதையெல்லாம் அடிக்கச் சொன்னேன். திரும்ப எழுதினாள். அந்த பஸ்ஸில் யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தாள். கடையில் வேலை பார்க்கும் பெண்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் அரைமணி நேரம் பின்னால் கிளம்புவதே தோது. வகுப்பில் அவள் பேசிக்காட்டியபோது கடைசி பெஞ்சும் போனைக் கீழே வைத்தது. இது பலிக்கும் என்று நான் நம்பினேன்.

ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி எங்களை உட்காரவைத்து, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பேசி முடித்ததும் பக்கத்து அறையிலிருந்த இருவரைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க, இந்தப் புள்ள பேசுறதக் கேளுங்க. இன்னொருக்கா சொல்லும்மா."

அவள் முழுவதையும் மறுபடி சொன்னாள். மூவரும் கைதட்டினார்கள். டீ வந்தது.

"நீ சொல்றது அம்புட்டும் சரிம்மா. ஆனா அந்த டிரைவர்தான் ராத்திரி திரும்பி வந்து, மறுநா காலைல வெள்ளனே பழனி வண்டி எடுக்கணும். அவரும் தூங்கணும்ல. வேற ஆள் கேட்டுக் கேட்டு நானும் ஓஞ்சு போனேன்." பிறகு, "பேச்சுப் போட்டில சேரு, கண்டிப்பா ஜெயிப்ப" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதனால் எங்களுக்குச் சண்டை போடவும் வழியில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "எங்க தப்பா பேசுனேன் மிஸ்?"

"தப்பு ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் ஏன்?"

சாரல் விழத் தொடங்கியது. குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்தேன்.

வருகைக் குறைவால் அவளைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் முதல்வரைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் சேர்த்துப் பேசினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார். "நியாயந்தாங்க. ஆனா மேல பதில் சொல்ல வேண்டியது நான். இவளுக்கு விட்டா மத்தவங்களுக்கு என்ன சொல்ல?" என்றார். கைதட்டல் ஒன்றுதான் பாக்கி.

அவள் பிறகு வரவில்லை. பூம்பாறைப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக வகுப்புத் தோழி சொன்னாள். போன் செய்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கேன் மிஸ். இங்க எல்லாரையும் நாந்தான் பேசி அனுப்பணும். குளிக்கச் சுடுதண்ணி வரலன்னு சண்டைக்கு வருவாங்க, சமாதானம் பண்ணிருவேன்."

"அடுத்த வருஷம் திரும்பச் சேரலாம்ல?"

"பஸ் நேரத்த மாத்திட்டாங்களா மிஸ்?"

இல்லை என்றேன்.

"சரி மிஸ், ஆள் வந்துட்டாங்க, சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் கடைசி வகுப்பில், பாடத்தைத் தொடங்கும் முன், யார் யாருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.